வாப்பாவின் கைதட்டல்

அக்கரைப்பற்று மைதானத்தின் ஓரத்தில் மருதமுனை வீரர்கள் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நான் ஏழெட்டு வயதுப் பொடியனாகிவிட்டேன்.

மருதமுனையில் எங்கள் வீடு முழுக்க அந்த மணம்தான். உம்மாவின் தம்பி, என் மாமா, ஊர்க் கால்பந்து அணியின் கோல் காப்பாளர். நெசவாளர் ஊர்தான், ஆனால் ஆட்டம் உள்ள நாளில் தெருவில் தறிச் சத்தமே கேட்காது. வாப்பா பொத்துவிலில் இருந்து மாப்பிள்ளையாக வந்தவர். எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் ஆண்தான் ஊர் மாறுவான். மாமாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவதும் அவர்தான்.

ஒருநாள் பொத்துவில் அணி விளையாட வந்தது. மாமாவின் கைக்குத் தப்பிப் பந்து வலைக்குள் போனது. எங்கள் கூட்டமே வாயடைத்து நிற்க, வாப்பா மட்டும் கைதட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா அன்று சோறு தின்னவில்லை. உம்மா வாப்பாவிடம் கேட்டா: "நீங்க எந்த ஊராள்? சொல்லுங்க பாப்பம்."

"இந்த ஊர்தான் புள்ள. கைதான் தன்பாட்டுல தட்டிட்டுது."

வாப்பா தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆட்டத்துக்கும் மாமா முழங்காலை அவரிடம்தான் நீட்டினார். அது எப்படியென்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது நான் அக்கரைப்பற்று மாப்பிள்ளை. பிறந்த ஊர் வெல்ல வேண்டும் என்றுதான் வந்து உட்கார்ந்தேன். மருதமுனை வலைக்குள் பந்து விழுந்தது. மைதானமே எழுந்து ஆரவாரித்தது. குனிந்து பார்த்தால், என் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.

என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.