பறிக்கப் போன ஓவியப் பீரியட்

இன்று மத்தியானம் ஒன்பதாம் வகுப்பின் ஓவியப் பீரியடை வாங்கப் போனேன். நான் கணக்கு வாத்தியார். வாங்குவது என்றால், கேட்காமல் சாக்பீஸோடு உள்ளே நுழைவது.

பகுதிநேர ஓவிய ஆசிரியர் வாசலை விட்டு நகரவில்லை. போர்டில் அண்ணாமலை மலையைப் பாதி வரைந்திருந்தார்.

"இன்னிக்குத் தர முடியாதுங்க சார்."

"எனக்குப் போர்ஷன் முடியலைங்க" என்றேன்.

"எனக்கும்தாங்க முடியலை. ஸ்கூல் தெறந்து இவங்களுக்கு நான் எடுக்கிற மூணாவது கிளாஸ் இது."

"ஹெச்.எம். கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க சார். இந்த மலைய முடிச்சுட்டு நானே வந்து அவரைப் பாக்குறேன்."

திரும்பிவிட்டேன்.

ஹெச்.எம்.மும் கணக்கு வாத்தியார்தான். போயிருந்தால் ஜெயித்திருப்பேன். அதனால்தான் போகவில்லை.

சக கணக்கு வாத்தியார்களே, இன்று நீங்கள் யாருடைய பீரியடில் இருந்தீர்கள்?