ஹர்த்தால் நாளில் என் காரில் உப்புத் தண்ணீர்

ஒருவன் அடுத்தவனுடைய காரில் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் இரண்டு கையையும் தூக்கிப் பாட முடியுமா? முடியும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பாடினார். சுதிகூடத் தப்பவில்லை. அவர் பெயரை எழுதி இந்தத் தாளை நான் அழுக்காக்கப் போவதில்லை. கர்த்தர் எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வீடு பாலராமபுரத்தில். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பெயின்ட் கடை. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். சனிக்குப் பிறகு நடுவில் இரண்டு நாள் போய்விடுவதால் செவ்வாய்க்கிழமை காலையில் அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். கால் வீங்கி, படுக்க முடியாமல், மூச்சிரைக்க உட்கார்ந்திருப்பாள்.

சென்ற மழைக்காலத்தில் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் ஹர்த்தால், முழு அடைப்பு. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியை மட்டும் விடுவார்கள். என் கார் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன்.

காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால், பெட்ரோல் மூடியை யாரோ நெம்பி உடைத்திருந்தார்கள். டாங்கின் வாய் ஓரத்தில் உப்புப் பரல் ஒட்டியிருந்தது. கீழே ஒரு தண்ணீர் பாட்டில். மிச்சத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. செய்தவனுக்கு அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடும் புத்திகூட இல்லை.

தெருவில் கார் வைத்திருந்த எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினேன். டாங்கில் யாரோ எதையோ ஊற்றிவிட்டார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். கல்லெறிந்து கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் என்று எல்லாரும் பின்வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் மதிலில் சாய்ந்துகொண்டு, "உப்புத் தண்ணி போனா எஞ்சின் அவ்வளவுதான்" என்றார். உப்பு என்று நான் யாரிடமும் சொல்லவே இல்லை. அவருடைய மதில் ஓரத்தில் நான் வண்டி நிறுத்துவதாக முந்தாநாள்தான் சண்டை போட்டிருந்தார். ரோடு ஊருக்குப் பொது. மதிலின் நிழலுக்கும் தனக்குத்தான் பட்டா என்று அவருக்கு நினைப்பு.

ஆம்புலன்ஸ் வர மூன்று மணி நேரமாகும் என்றார்கள். அதற்குள் எங்கள் ஜெபக்குழுத் தலைவர் செய்தி கேட்டு வந்துவிட்டார். பானெட்டில் கை வைத்துத் தெருவே அதிரும்படி ஜெபித்தார். பிறகு, "பிரதர், விசுவாசத்தோட சாவியத் திருப்புங்க" என்றார்.

ஜன்னலிலிருந்து ஸ்டெல்லா, "வேண்டாம்ங்க, மெக்கானிக் யாரையாவது கூப்பிடுங்க" என்று இரைத்துக்கொண்டே சொன்னாள்.

"அது அவிசுவாசம், சிஸ்டர்."

திருப்பக் கூடாது என்று பெயின்ட் விற்கிற எனக்கே தெரியும். ஆனாலும் திருப்பினேன். அவிசுவாசி என்று பெயர் வாங்க வெட்கம். வண்டி அரை நிமிடம் ஓடியது. அவர் "அல்லேலூயா" என்று கத்தினார். ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நின்றது. "இது சோதனை" என்று சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார்.

என் காரைப் பார்க்கிற மெக்கானிக் ஒரு விசுவாசி. நெய்யாற்றின்கரையில் இருக்கிறார். போன் அணைந்து கிடந்தது. எங்கள் தெரு முக்கிலேயே சசி என்பவருடைய ஒர்க்‌ஷாப் உண்டு. நான் ஒரு நாளும் அங்கே போனதில்லை. அவர் கட்சிக்காரர், கடவுள் இல்லை என்பவர். போதகர் எண்ணெய் பூசிப் பிரதிஷ்டை செய்த வண்டியை நாத்திகன் தொடக் கூடாது என்பது என் கொள்கை. எவ்வளவு பெரிய மடையன் நான்!

ஸ்டெல்லாவின் உதடு கறுக்கத் தொடங்கியது. கட்டிலருகே முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எந்த வழியானாலும் சரி." அவ்வளவுதான் ஜெபம். அழுகையில் அதற்கு மேல் வரவில்லை.

மறியல்காரர்கள் காலில் விழுந்தாவது ஒரு வண்டி பிடிப்போம் என்று முக்குக்கு ஓடினேன். கொடியோடு முன்னால் நின்றவர் சசி.

"எந்து பற்றி, அண்ணாச்சி?" என்ன ஆயிற்று என்று கேட்டார்.

சொன்னேன். கொடியைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்தார். நடந்துகொண்டே, "ஸ்டார்ட் செய்தோ?" என்று கேட்டார்.

"செய்தேன். ஜெபம் பண்ணி..."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பின் சீட்டைத் தூக்கினார். அடியிலிருந்த பெட்ரோல் பம்பைக் கழற்றினார். டாங்கிலிருந்ததை ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே பெட்ரோல், அடியில் கலங்கல் தண்ணீர். எல்லாவற்றையும் வடித்து, டாங்கைத் துணியால் துடைத்து, குழாயைக் கழுவி, பிளக்குகளைக் காயவைத்தார். பெட்ரோல் பங்க் அன்று திறக்கவில்லை. தன் பைக்கில் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை வடித்து என் டாங்கில் ஊற்றினார். நான்காவது தடவை எஞ்சின் பிடித்தது. ஸ்டெல்லா கையெடுத்துக் கும்பிட்டாள்.

வழியில் மறிப்பார்களே என்று அவரே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். 'இயேசு ஜீவிக்கிறார்' என்று ஒட்டிய என் காரிலிருந்து ஒரு நாத்திகர் கை நீட்டி நீட்டி வழி வாங்கினார். மூன்று இடத்தில் மறித்தார்கள், மூன்று இடத்திலும் விலகினார்கள். மற்ற நோயாளிகள் வர முடியாததால் ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாக இருந்தது. மத்தியானத்துக்குள் அவளுக்கு மூச்சு சீராகிவிட்டது.

வராந்தாவில் அவர் கையைப் பிடித்து அழுதேன். "தெய்வம்தான் உங்கள அனுப்பினது" என்றேன்.

"தெய்வமோ? ஏழு கொல்லமாயிட்டு ஞான் ஆ முக்கில் தன்னே உண்டு, அண்ணாச்சி."

ஏழு வருடமாக அந்த முக்கிலேயேதான் இருக்கிறாராம். உண்மைதான். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்வந்தேன்.

இதைச் சபையில் சொல்லப்போகிறேன் என்றதும் ஜெபக்குழுத் தலைவர் ஒரு யோசனை சொன்னார். "யாரோ ஒருத்தர் வந்தார், திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்னு சொல்லுங்க பிரதர். ஜனங்க உணர்த்தப்படுவாங்க." தேவனுடைய கிரியைக்கும் பவுடர் பூசப் பார்க்கிற இந்தப் பிழைப்பை என்னவென்று சொல்வது? சசி மாயமாக மறையவில்லை. அவருடைய பைக்கின் பெட்ரோலில் ஓடிய என் காரிலேதான் எங்களோடு திரும்பி வந்து முக்கில் இறங்கினார்.

இப்போது என் வண்டியை அவர்தான் பார்க்கிறார். என் ஜெபமும் அன்று போல இரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். இன்னும் மன்னிக்கவில்லை. அதற்காகவும் ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, கஷ்டத்தில் இருக்கிறீர்களா? தைரியமாகக் கேளுங்கள். ஆண்டவர் கேட்கிறார், இது நான் கண்ட சத்தியம். ஆனால் உதவி வந்து வாசலில் நிற்கும்போது, நீ எந்தச் சபை என்று விசாரிக்காதீர்கள். உள்ளே மூச்சுக்குத் தவிக்கிறவளுக்கு அது தேவையில்லை.