தோள்பட்டை அரிப்பு

மாதா கோயில் பங்கில் அவருக்கு ஜெபமாலைக்காரர் என்று பெயர். ஞாயிறு திருப்பலியில் அவர் வாசகம் படித்தால் ஒலிபெருக்கி வெட்கப்பட்டுத் தானாகவே அணைந்துகொள்ளும். வீட்டு ஜெபத்தில் மகள் ஒரு முழங்காலில் லேசாகச் சாய்ந்தாலும் ஜெபமாலையின் அந்தப் பத்து மணிகளையும் முதலிலிருந்து உருட்ட ஆரம்பிப்பார். அப்பேர்ப்பட்ட சிங்கம், திங்கட்கிழமை இன்சூரன்ஸ் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் பூனையாகிவிடும்.

சாப்பாட்டு அறையில் சிலுவை அடையாளம் போட்டால் நாலு பேர் பார்ப்பார்களே என்று பயம். போடாமல் சாப்பிட்டால் ஆண்டவர் பார்ப்பாரே என்று அதைவிடப் பயம். இரு தரப்பையும் சமாளிக்க ஒரு வித்தை கண்டுபிடித்தார். டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் நெற்றியைச் சொறிவார். சட்டையின் நடுப்பொத்தானைத் தொட்டுப் பார்ப்பார். இடது தோளில் தூசு தட்டுவார், வலது தோளில் தூசு தட்டுவார். ஜெபம் முடிந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள் தவறவில்லை.

பதினோரு வருஷமும் அலுவலகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

பிரிவுத் தலைவர் இடம் காலியானபோது மேலாளர் அம்மா அவரைத் தனியே அழைத்தார்.

"வேலையில உங்களை அடிச்சுக்க ஆளில்ல சார். ஆனா இந்தப் பதவிக்கு வந்தா வாடிக்கையாளர்களோட உட்கார்ந்து சாப்பிடணும். அந்தத் தோள் அரிப்பை மட்டும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்."

"ஆமா மேடம், கொஞ்ச நாளா இருக்கு" என்றார் அவர்.

வெளியே வந்தால் பக்கத்து மேசைக்காரர் கையில் ஷாம்பு பாட்டிலோடு நிற்கிறார். "பொடுகுதானே சார்?"

"பொடுகுதான்."

வாசல் காவலாளிக்கும் கவலை. "வேற ஒண்ணும் இல்லையே சார்?"

"வேற ஒண்ணுமே இல்லப்பா."

ஆக மூன்று முறை. இயேசுவைத் தெரியாது என்று மும்முறை மறுத்த பேதுருவுக்காவது சேவல் கூவிற்று. இவருக்குச் சாப்பாட்டு அறை மைக்ரோவேவ்தான் கத்தியது.

தோல் டாக்டர் இரண்டு தோளையும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். ஒன்றும் அகப்படாததால் நோய் பெரியதுதான் என்று முடிவு செய்து, ஒரு களிம்பு எழுதி, ஒரு மாதம் தோளில் கையே படக்கூடாது என்றார். சீட்டைப் படித்து, நடந்ததையெல்லாம் கேட்டு வாங்கிய மனைவி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். குரலும் அதற்கேற்ற குரல்.

"ஆண்டவருக்கே களிம்பு எழுதி வாங்கிட்டு வந்திருக்கீங்களா?"

"மெதுவாடி, பிள்ளை காதுல விழும்."

"விழட்டும். அவ முழங்கால் வலிக்குதுன்னா விடமாட்டீங்க, உங்க கை மட்டும் வெக்கப்படுமாக்கும்? நாளைக்கு ஒழுங்கா சிலுவை போடுங்க. இல்லைன்னா இனிமே வீட்டு ஜெபத்தை நான் நடத்துறேன், நீங்க பின்னாடி உட்காருங்க."

நரகத்துக்குக்கூட அவர் அவ்வளவு பயந்ததில்லை.

மறுநாள் மதியம் எழுந்து நின்று, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே" என்று ஒரு சிலுவை போட்டார் பாருங்கள், முழங்கை பட்டுப் பக்கத்து மேசைக்காரரின் தண்ணீர் டம்ளர் மூன்று நாற்காலி தாண்டிப் பறந்தது. கரண்டிகள் அந்தரத்தில் நின்றன.

"இதுவா அரிப்பு?" என்றார் மேலாளர் அம்மா.

"இதுதான் மேடம். பொய் சொல்லிட்டேன்."

"இதைச் சொல்றதுக்கு என்ன சார்? ஒட்டுவாரொட்டியோன்னு நான் உங்க பேனாவைக்கூடத் தொடாம இருந்தேன்!"

எல்லோரும் சிரித்தார்கள், திரும்பச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான். துன்புறுத்தப்பட்டால் சொல்வதற்கென்று காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்த வீர வசனம் வீணாயிற்று. விசுவாசத்துக்காக உயிரையே கொடுக்கும் வேதசாட்சி ஆக வந்தவரைப் பிரிவுத் தலைவர் ஆக்கி அனுப்பிவிட்டார்கள்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. மூன்று மணிக்குப் பக்கத்து மேசைக்காரர் ஒரு கோப்போடு வந்தார். "சார், லேட்டாயிடுச்சு. வழக்கம்போல தேதியை ரெண்டு நாள் முன்னாடி போட்டு..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, உங்ககிட்ட இனிமே இதெல்லாம் கேட்கக் கூடாதில்ல?"

ஜெபமாலைக்காரர் அதற்குள் பேனா மூடியைக் கழற்றியிருந்தார். பதினோரு வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது. நிமிர்ந்து பார்த்தார். அறை முழுவதும் அவர் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தது.

உண்மையான தேதியைப் போட்டார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு வாடிக்கையாளருக்கு ஒரு கடிதமும் எழுதினார். மேசையில் இன்னும் பதினேழு கோப்புகள் இருந்தன. பதினேழும் தாமதம்.