ஏகாம்பரம் குடித்த ஒரு சொம்புத் தண்ணீர்

காரியத்துக்குப் போன வீட்டில் கேட்கிற கேள்வியா அது? போன வாரம் நாலு பேர் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும். பதினோரு வருஷமாக என் தொண்டையில் நின்ற கேள்வி. கேட்காமல் எப்படித் திரும்பி வருவது?

இறந்துபோனவர் சாயக்கார ஏகாம்பரம். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். காஞ்சிபுரத்தில் சாயம் போடுகிற கைகள் எத்தனையோ உண்டு. அரக்குச் சிவப்பு என்றால் அவர் ஒருத்தர்தான். சொல்வது யார்? பட்டு மூட்டையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக அலைந்து, இன்றைக்குப் பன்னிரண்டு தறிக்கு முதலாளியாக உட்கார்ந்திருக்கிற நான் சொல்கிறேன். படிப்பு மூணாங்கிளாஸ்தான். இந்தப் பத்தியில் கொம்பு, கால், புள்ளியெல்லாம் பத்திரிகை ஆபீசில் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் நிறம் பார்க்கிற கண் என் சொந்தக் கண்.

ஏகாம்பரத்துக்கு நாலும் பெண்கள். ஆண்பிள்ளை இல்லையே என்று யாராவது உச்சுக் கொட்டினால் எழுந்து போய்விடுவார். கருட சேவைக்கு அவர் வருவதைப் பார்க்க வேண்டும் — கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வேட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு. நாலு பாவாடையிலும் அந்த வாரத்துச் சாயம் கைத்தடமாக ஒட்டியிருக்கும். கூட்டத்தில் பெண் தொலைந்தாலும் ரசீது இல்லாமலே வாங்கிக்கொள்ளலாம் என்று சிரிப்போம்.

மெட்ராஸ் கம்பெனி ஒன்று பெரிய சம்பளத்துக்குக் கூப்பிட்டது. “ஞாயித்துக்கெழம மட்டும் புள்ளைங்களப் பாக்கறதுக்கு நான் என்னா கலெக்டரா?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரு விசித்திரப் பழக்கம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனால் பையனைச் சரியாகப் பார்க்க மாட்டார். நிலம் எவ்வளவு, தறி எத்தனை — கேட்க மாட்டார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். குடிப்பார். அப்புறம் கை அலம்ப வேண்டும் என்று நேரே கிணற்றடிக்குப் போய், தானே ஒரு குடம் சேந்துவார். அவ்வளவுதான், பார்த்தாயிற்று!

ஓரிக்கையில் நல்ல இடம் ஒன்று வந்தது. நஞ்சை, மாடு, ஓட்டு வீடு. குடிதண்ணீர் மட்டும் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சுமந்து வர வேண்டும். தண்ணீர் தேன் மாதிரி இருக்கிறது என்றார். பெண்ணைக் கொடுக்கவில்லை. ஐயம்பேட்டையில் கூரை வீடு, ஒற்றைத் தறி. எட்டினால் தண்ணீர் என்கிற மாதிரிக் கிணறு... ஆனால் லேசாக உப்பு. அங்கே கொடுத்தார்.

சாயக்காரன் புத்தி என்றது ஊர். தண்ணீர் சரியாக இருந்தால்தான் பட்டில் நிறம் ஏறும். அதை நாக்கில் விட்டுப் பார்த்தே சொல்கிறவர் அவர். சரி, அப்படியானால் தேனை விட்டுவிட்டு உப்புக்குப் பெண்ணைக் கொடுப்பானேன்? யாருக்கும் விளங்கவில்லை.

கடைசிப் பெண் தனபாக்கியம். என் மூத்த பிள்ளை நடேசனுக்காக நானே ஆள் விட்டேன். ஏகாம்பரம் வந்தார். எனக்கென்ன பயம்? எங்கள் கிணறு என் சொந்த சம்பாத்தியத்தில், பாறை தட்டியும் விடாமல் வெட்டிய கிணறு. முப்பத்தைந்து முழம்! தெருவிலேயே அதுதான் ஆழம். எந்தக் கோடையிலும் வற்றாது.

குடித்தார். அமிர்தம் என்றார். கிணற்றடிக்குப் போனார். கயிறு இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் நின்று பாறை உடைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். குடம் மேலே வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“யாருண்ணே சேந்தறது?”

“நம்ம வூட்டுப் பொம்பளைங்கதான். ஆள் வெச்சு சேந்தற வழக்கம் நம்மகிட்ட கெடையாது.”

பெருமையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் தகவல் வந்தது. இடம் ஒத்துவரவில்லையாம். திருப்புட்குழியில், குளத்துக்குப் பக்கத்தில், மேலாகவே தண்ணீர் நிற்கிற கிணற்று வீடு ஒன்றில் தனபாக்கியத்தைக் கொடுத்துவிட்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதுவாவது போகட்டும். கடைத்தெருவில் பேச்சுக் கிளம்பியது. ஏகாம்பரம் நாக்குத் தப்பாது, அந்த வீட்டுத் தண்ணீரில் என்னவோ தோஷம் இருக்குது என்றார்கள். பெண் கொடுக்க வந்தவர்களெல்லாம் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நழுவினார்கள். நடேசன் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. மூட்டை சுமந்து சம்பாதித்த பேர், ஒரு சொம்புத் தண்ணீரில் முழுகிப்போனது!

ஏகாம்பரத்தையே பலமுறை மடக்கினேன். தண்ணீரில் குறையே இல்லை என்று சத்தியம் செய்வார். பின்னே என்ன காரணம் என்றால் சாயப்பானையைக் கிளறப் போய்விடுவார்.

அதனால்தான் போன வாரம், பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி கன்னியம்மாவிடம் கேட்டேவிட்டேன். என் வீட்டுத் தண்ணீரில் அவருக்கு என்ன குறை தெரிந்தது?

கன்னியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அவுரு தண்ணியப் பாக்கலண்ணே. ஆழத்தப் பாத்தாரு.”

பிறகு நிதானமாகச் சொன்னார். ஏகாம்பரத்தின் அம்மா ஆழக்கிணற்று வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். தாம்புக்கயிறு அறுத்து அறுத்து உள்ளங்கை காய்த்துப்போய், பட்டு நூலை ராட்டையில் சுற்ற உட்கார்ந்தால் இழை கையில் மாட்டி அறுந்துவிடும். அதற்குத் தினமும் ஏச்சு. அதைப் பார்த்து வளர்ந்தவர், கல்யாணமான நாளிலிருந்து கன்னியம்மாவைக் கயிற்றைத் தொட விட்டதில்லை. காலையில் அவர் குடம் குடமாகச் சேந்துவதை நாங்கள் எல்லோரும்தான் பார்த்தோம். சாயத்துக்கு என்று நினைத்தோம். பாதி சமையலுக்கும் குளிக்கவுமாம்!

“தண்ணி கேக்கறதே, குடுக்கற பொம்பள கையப் பாக்கறதுக்குத்தான். உள்ளங்கையப் பாத்தாலே அந்த வூட்டுக் கெணறு எத்தினி மொழம்னு சொல்லிடுவேம்பாரு... உங்க வூட்ல அன்னிக்கு சொம்பக் குடுத்தது யாருண்ணே?”

என் மனைவி ராஜம்மா. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ராஜம்மாவிடம் கையைக் காட்டச் சொன்னேன். இந்த வயசில் என்ன ஜோசியம் என்றாள். காட்டினாள். விரல்களுக்குக் கீழே புளியங்கொட்டையை வரிசையாகப் பதித்த மாதிரிக் காய்ப்பு. நடுவில் கயிறு ஓடின தடம். பக்கத்தில் நின்ற மருமகள் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நூலைத் தொட்டுப் பார்த்தே எந்த ஊர்ப் பட்டு என்று சொல்கிறவன் நான். முப்பத்து நாலு வருஷமாக இந்தக் கை பரிமாறித்தான் சாப்பிடுகிறேன். இவளிடம் நூல் கொடுத்தால் அறுந்துபோகிறது, கைராசி இல்லாதவள் என்று வெளியில் கொடுத்துச் சுற்றி வாங்கிக்கொண்டிருக்கிறேன்! பதினாறு முழப் புடவையில் ஓர் இழை பிசகினால் தெரிகிற கண்ணுக்கு, இது எப்படித் தெரியாமல் போயிற்று? இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் காலை, பன்னிரண்டு தறி முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். முதல் குடம் சுவரில் மோதி, பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிட்டது. மீதியைக் கரையேற்றுவதற்குள் உள்ளங்கை நெருப்பாக எரிந்தது. அந்த ஆழத்தை வெட்டினவன் நான்தான். வெட்டின பிறகு ஒரு நாளாவது சேந்திப் பார்த்தேனா?

ராஜம்மா தூணில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று நின்றேன்.

“கீழ வைங்க. ஒன்னு ஆச்சு. காலைக்கு இன்னும் பதினேழு இருக்குது.”

வாசகர்களே, இதைப் பதினோராவது குடத்துக்கும் பன்னிரண்டாவது குடத்துக்கும் நடுவில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.