முதல் வருஷத்திலேயே பூத்த கேரட்

விதைப்பண்ணையில் அவருக்கு 'ஆயுசு' என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டுமில்லை, முகத்துக்கு நேராகவே 'ஆயுசு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் செடியைக் கண்டாலும் அதன் ஆயுளைச் சொல்லாமல் மனிதர் நகரமாட்டார். சோளமா, ஒரே பருவம். கேரட்டா, இரண்டு வருஷம். முதல் வருஷம் கிழங்கு வைக்கும், மறுவருஷம் பூத்து விதை கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். தக்காளி உண்மையில் சில வருஷம் இருக்கக்கூடியது, நாம்தான் பொறுமையில்லாமல் பிடுங்கிவிடுகிறோம் என்று விருந்துச் சாப்பாட்டில் ஆரம்பித்தாரானால் பக்கத்தில் உட்கார்ந்தவர் மெல்ல இடம் மாறிவிடுவார்.

மனைவி போய் நாலு வருஷம். ஒரே மகளுக்கு விமானத்தில் போகிற தூரத்தில் வேலை. கடைசியாக வந்தபோது பண்ணையில் ஒரு வரிசை கேரட் விதையைத் தன் கையால் போட்டுவிட்டு, "பூத்ததும் சொல்லுங்கப்பா, பார்க்க வந்துடறேன்" என்று சொல்லிப் போனாள். ஊருக்கே பாடம் எடுப்பவர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டால் அவளும் அதுவரை மறந்துவிடுவாளே! சொல்லாவிட்டால், பூத்ததா என்று கேட்கவாவது அடிக்கடி போன் செய்வாள் என்று ஒரு நப்பாசை.

அந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது. அவள் போட்ட வரிசையில் ஒரே ஒரு செடி, முதல் வருஷத்திலேயே பூந்தண்டு நீட்டிவிட்டது. பண்ணையில் இதற்கு மன்னிப்பே கிடையாது. அவசரக் கேரட்டை விதைக்கு விட்டால் அதன் வாரிசும் கிழங்கு வைக்காமல் பூக்கக் கிளம்பிவிடும். மொட்டு விரியுமுன் பிடுங்கி எறிய வேண்டும். அது அவருடைய வேலை. இருபத்தாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் பிடுங்கியிருக்கிறார்.

இதைப் பிடுங்க மட்டும் கை வரவில்லை.

"என்ன சார், இதுக்குப் போய் இவ்வளவு யோசனை? தள்ளுங்க, நான் பிடுங்கிப் போடறேன்" என்றாள் களையெடுக்கிற பெண்.

"விடும்மா, நான் பாத்துக்கறேன்."

வேர் அறாமல் மண்ணோடு தோண்டி, பிளாஸ்டிக் வாளியில் வைத்து, பஸ்ஸில் மடியில் இருத்தி வீட்டுக்குக் கொண்டுபோனார். இதுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கண்டக்டர் கிண்டலடித்தார். மூன்றாவது மாடி பால்கனியில் இடம் பிடித்துக் கொடுத்து, காலையும் மாலையும் அதனிடம் பேச ஆரம்பித்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அவர் குரலைக் கேட்க வேறு யார் இருந்தார்கள்? மூன்று வாரத்தில் கொத்தாக வெள்ளைப் பூ விரிந்தது. மகளின் அறையைப் பெருக்கி, படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுத்தான் போனை எடுத்தார்.

"பூத்துடுச்சும்மா."

"நிஜமாவாப்பா? ஐயோ, இந்த மாசம் லீவு வாய்ப்பே இல்லப்பா. போட்டோ அனுப்புங்க. அடுத்த வருஷம் பூக்கறப்போ கண்டிப்பா வந்துடறேன்." உடனே அவளுக்கு ஒரு சந்தேகம். "வருஷா வருஷம் பூக்கும்தானே?"

வேறு யார் கேட்டிருந்தாலும் அந்த நிமிஷமே திருத்தியிருப்பார்.

"ஆமாம்மா" என்றார். "வருஷா வருஷம் பூக்கும்."