டொராண்டோ சேரும்வரை கூட்டாத வீடு

மஞ்சக்குட்டை கண்ணாயிக்கு ஒரு பிடிவாதம். வீட்டிலிருந்து யாராவது பயணம் கிளம்பினால், அவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டமாட்டாள். கூட்டினால் போனவருக்கு ஆகாதாம். எங்கள் மலையூரில் பலருக்கும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் மற்றவர்கள், போகிறவர் ஏறிய ஜீப் வளைவு திரும்பியதும் கூட்டிவிடுவார்கள். இவள் சேலத்துக்கு ஒன்றரை மணி நேரம், கோயம்புத்தூருக்கு அரை நாள் என்று காத்திருப்பாள். யார் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதை அவள் வீட்டுக் குப்பையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

2013 தை மாதம் அவள் மகள் தேவகுமாரி மேல்படிப்புக்கு டொராண்டோ கிளம்பினாள். சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்குச் சென்னையில் விமானம். கண்ணாயியின் கணவர், ஜீப் ஓட்டும் குழந்தைவேல், டிக்கெட் நகலை விரித்தார்.

"காத்தால ஆறு மணிக்கு எறங்கீரும். எட்டரை மணி நேரந்தான்."

இருபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவர் சொன்னால் அப்பீல் ஏது? ஞாயிறு காலை ஆறு அடித்தது. கண்ணாயி எதற்கும் இருக்கட்டும் என்று பத்து நிமிஷம் கூடப் பொறுத்து, வீடு முழுக்கக் கூட்டினாள்.

ஒன்பது மணிக்கு, காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான நான் அங்கே காபிக்குப் போனேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அது அந்த ஊரு காலை ஆறு மணிங்க. நமக்கு அப்போ சாயங்காலம் நாலரை. பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல, நடுவுல எறங்கி ஏறி, மொத்தம் பத்தொம்பது மணி நேரம். பொண்ணு இன்னும் போய்ச் சேரலீங்க."

கண்ணாயி முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க ரைட்டருங்க, நான் ஊடு கூட்டிப்புட்டனுங்களே!"

"அதுக்கென்ன இப்போ" என்று தொடங்கிய குழந்தைவேல், அவள் பார்த்த பார்வையில் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

அவள் முறத்தோடு குப்பைக்குழிக்குப் போனாள். காப்பித் தொலி, சருகு, பெட்டி கட்டியபோது விழுந்த கயிற்றுத் துண்டு எல்லாவற்றையும் அள்ளி வந்தாள்.

"இது சமையக்கட்டுது. இது பொண்ணு படுத்த எடத்துது" என்று பிரித்துப் பிரித்து அந்தந்த இடத்திலேயே போட்டாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கயிற்றுத் துண்டைக்கூட இடம் பார்த்து வைப்பதைப் பார்த்ததும் நானும் குனிந்து சருகைப் பரப்பினேன். கிளம்பவும் மனசு வரவில்லை. அன்று பகல் முழுக்க அந்த வீட்டில் குப்பையை மிதிக்காமல் எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. "எறங்கிட்டேம்மா. நடுவுல பிளேன் நொம்ப ஆடுச்சு. பயந்தே போயிட்டேன். அப்பறம் தன்னால நின்னுருச்சு."

"தன்னாலயா?" என்றாள் கண்ணாயி.

போனைக் கணவர் கையில் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று விளக்குமாற்றை எடுத்தாள்.