சாப்பாட்டுப் பை உட்கார்ந்த சீட்

பச்சை நிற ரெக்ஸின் பை. உள்ளே இரண்டடுக்கு டிபன் பாக்ஸ். பூந்தமல்லியில் பேருந்து கிளம்பும்போதே ஏறிவிடும் அக்கா, அந்தப் பையைத் தன் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வருவார். நான் கரையான்சாவடியில் ஏறுவேன். அதற்குள் படிவரை கூட்டம் நிற்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருவருக்கும் ஒரே தையல் கம்பெனி.

எங்கள் பக்கத்தில் சீட் என்ற சொல் காதில் விழாமல் ஒரு நாள் போகாது. பிள்ளைக்குக் காலேஜில் சீட் கிடைத்ததா என்று தெருவே விசாரிக்கும். தேர்தல் வந்தால் யாருக்கு சீட் என்று டீக்கடையில் பேச்சு. ஷேர் ஆட்டோக்காரருக்கோ நாமே சீட்டுதான். "இன்னும் ஒரு சீட்டு ஏறினா கெளம்பிடலாம்" என்பார். எனக்கு அந்த மாதங்களில் சீட் என்றால் வயிற்றிலிருந்த பிள்ளை. முதல் கரு தங்கவில்லை. இந்த முறை அதிகம் நிற்காதே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வேலையையும் விட முடியாது. வாய் திறந்து கேட்கிற சுபாவமும் எனக்கில்லை. அக்காவிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை.

ஒருநாள் கூட்டத்தில் நெருக்கியடித்து நான் உள்ளே போனபோது, ஓர் அம்மா அக்காவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, உன் பைக்கும் டிக்கெட் வாங்கிகீறியா?"

"ஆளு வந்துகினு கீது. ஒண்ணு இல்ல, ரெண்டு" என்றார் அக்கா.

என்னைப் பார்த்ததும் பையை மடிக்கு எடுத்துக்கொண்டார். நான் சொல்லாமலே அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் அக்கா வரவில்லை. பெண்கள் சீட்டில் ஓர் ஆள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலப்பன்சாவடி வரை நின்றேன். இடுப்பு இழுத்தது. பயம் வந்துவிட்டது.

"அண்ணா, இது லேடீஸ் சீட்டு. எழுந்திரிங்க."

குரல் கீச்சென்று வந்தது. பேருந்தே திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்துவிட்டார். நான் உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது வெளியூர் போவதென்றால் கைப்பேசியிலேயே தனக்கென்று ஒரு சீட்டை எடுத்துவிடுகிறாள். யாரும் யாருக்காகவும் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. வசதிதான். அவள் விரல் அதில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், அக்கா திரும்பி வந்த அந்தக் காலைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. நடந்ததைச் சொன்னதும் அவர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஆம்பளய எழுப்பினியா? நீயா! அப்போ நாளைலேர்ந்து நான் பை வெக்க வாணாம். நீயே கேட்டு வாங்கிப்பே."

"வைங்கக்கா" என்றேன்.